அண்ணனின் இடது உதட்டோரம்

எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மாதம். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் நடந்த சம்பவம் இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

வீட்டின் முன்பாதியில் ஆறு விசைத்தறிகள், பின்பாதியில் எங்கள் குடித்தனம். அம்மாவும் அப்பாவும் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார்கள். இருபது வயது மூத்த அண்ணனும் அவர் மனைவியும்தான் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் வளர்த்தார்கள். அண்ணன் மனைவியை நாங்கள் மதினி என்போம். எனக்கு அம்மா என்றால் அது மதினிதான். தறிகளில் லுங்கியும் துண்டும் ஓடும். அண்ணனோடு மூன்று பேர் தறி ஓட்டுவார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடி ஊடுநூலை இழுத்துப் போகும் நாடாவுக்குள் வைக்கிற குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுப்பேன்.

விசைத்தறிக் கூடத்துக்குள் ஒரு தடவை போய் வந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோருமே வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். "நூல் தீந்துருச்சு", "டீ வந்துருச்சு", "கரண்ட் போகப்போகுதாம்" எல்லாமே சத்தமில்லாமல்தான். கூடத்தின் அந்தக் கோடியில் ஒருவர் உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் பதில் போகும். ஒருவரைப் பற்றிப் புறணி பேச வேண்டுமென்றால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தறி ஓடாத நாளிலும் சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருப்போம். விருந்தாளிகள் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள்.

இந்த ஊமை நாடகத்துக்குக் கதாநாயகன் எங்கள் அண்ணன். யார் பேசுவதையும் அப்படியே வாயசைவில் செய்து காட்டுவார். அவர் செய்ததிலேயே பெரிய வெற்றி, நூல் கடை முதலாளி வேஷம். அந்த முதலாளிக்கு எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை. சாறு சட்டையில் சிந்தாமலிருக்க வாயின் வலது ஓரத்தை மேலே இழுத்துக்கொண்டு, இடது கையை உயர்த்திப் 'பொறு' என்பதுபோலக் காட்டியபடி பேசுவார். அண்ணன் இதைச் செய்தால் தறி ஓட்டுகிறவர்கள் நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் சிரிப்பார்கள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அண்ணன் வாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது முதலாளி ஆகாவிட்டால் தூக்கம் வராது.

அன்றைக்கு முன்பகல். தீபாவளிச் சரக்கு என்பதால் ஆறு தறியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் கடைசித் தறிக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். ஏதோ சொன்னார். வாய் வலப்பக்கமாகக் கோணியது. நூல் கடை முதலாளி வந்துவிட்டார் என்று நாங்கள் சிரிக்க ஆரம்பித்தோம். அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். வாய் இன்னும் கோணியது. தறி ஓட்டும் ஒருவர் கையைத் தட்டினார். நானும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அண்ணனின் கையிலிருந்த நாடா கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் அது விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. அண்ணனுமே அதைக் குனிந்து பார்க்கவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து, கட்டி வைத்திருந்த லுங்கி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் அதையும் நடிப்பில் சேர்த்துக்கொண்டோம்.

சமையல்கட்டு வாசலில் டீத் தம்ளர்களோடு நின்ற மதினி மட்டும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் வாய் பழையபடி நேராகிவிட்டது. எழுந்து நின்றார். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, நடிப்பு எப்படி என்று உதட்டை அசைத்துக் கேட்டார். பிரமாதம் என்று எல்லோரும் தலையை ஆட்டினோம். மதினி தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றார். சத்தமில்லாமல், இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே செய்தார். வலது ஓரம் மேலே ஏறியது. மதினி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். விறுவிறுவென்று சுவர் ஓரமாக நடந்துபோய் மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார்.

ஆறு தறியும் நின்றன. தீபாவளி நெருக்கத்தில், அதுவும் கரண்ட் இருக்கும் நேரத்தில், யாரும் செய்யத் துணியாத காரியம் அது. காதுக்குள் ஙொய்யென்று ஒரு அமைதி. அந்த அமைதியில் அண்ணன் கோபமாக ஏதோ கேட்டார்.

என்ன கேட்டார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுகிறவர் குரல்போல, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறி வந்தன. அப்போதுதான் எங்களுக்கு உயிரே போய்விட்டதுபோல இருந்தது. எங்களைவிட அண்ணனுக்குத்தான் அதிர்ச்சி. தறிச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற தறிக்காரரை வழக்கம்போல "மாப்ள" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அதுவும் குழறியது. மாப்ள தலையைக் குனிந்துகொண்டார்.

மதினி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"வலப்பக்கம் மேல ஏறுனா அது நடிப்புங்க. சித்த முன்னாடி ஒங்களுக்கு இடப்பக்கம் கீழ தொங்குச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் தொங்குச்சு."

மதினியின் பிறந்த ஊர் விளாங்குடி. அவர் அப்பா பல வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அது எப்படி ஆரம்பித்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய வாய் தொங்கி, கையிலிருந்த சோறு நழுவியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வந்த காத்து போய்விட்டது என்று அவர் மீசையை முறுக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அந்த மாதம் முடிவதற்குள் கிணற்றடியில் விழுந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவருக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து வளர்ந்தவர் மதினி. ஒரு மனிதனின் உதடு எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது அவர் மறக்கக்கூடிய காரியமில்லை.

செல்லூர்ச் சந்தில் தறி திடீரென்று நின்றால் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம். இது வாயு என்றார் ஒருவர். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் சாயங்காலமே தறி ஓட்டலாம் என்றார் எதிர்வீட்டுக்காரர். சொன்னதோடு நிற்காமல் புறா பிடிக்கவும் ஓடிவிட்டார். அந்தக் காலத்தில் கைகால் விழுந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது புறாவைத்தான். டாக்டரைத் தேடுவது அதற்குப் பிறகு.

அண்ணனுக்கும் அந்த யோசனைதான் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள், சரக்கு நின்றுபோகும். அதற்குள் அவர் பேச்சும் பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மெயின் சுவிட்ச் பக்கம் போகப் பார்த்தார். மதினி சுவிட்சை மறித்துக்கொண்டு நின்றார். ஊர் பார்க்கப் புருஷனிடம் குரல் உயர்த்தாதவர் அவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"லுங்கி அடுத்த தீவாளிக்கும் நெய்யலாங்க. இப்ப ஏறுங்க வண்டியில."

தெருமுனையில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கோரிப்பாளையம் வரைக்கும் மதினி அண்ணனின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். எங்காவது ஓடிப்போய்விடப் போகிறேனா என்று அண்ணன் கிண்டல் செய்தார். பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பேச்சு முழுக்கத் தெளிந்திருந்தது. பார், எல்லாம் சரியாகிவிட்டது, அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று அங்கேயும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். எனக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. மதினி திரும்பிப் பார்க்காமல் அவர் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே இருந்த டாக்டர் அண்ணனைப் பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். அண்ணன் பெருமையாக நீட்டினார். வலது கை நீட்டியபடி நின்றது. இடது கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அண்ணனுக்கு அது தெரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையும் நேராக இருப்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

ரத்தக்கொதிப்பு பார்த்தார்கள். ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறதோ என்றார் டாக்டர். தலைவலி, மயக்கம் எதுவுமே வந்ததில்லையே என்றார் அண்ணன். ரத்தக்கொதிப்பு அப்படித்தான், சத்தம் போடாது, அளந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு வந்து, தானாகவே விலகியிருக்கிறது. விலகாமல் நின்றால் அதுதான் பக்கவாதம். விலகிவிட்டதே என்று சும்மா இருந்தால் பெரிதாக வரும், நாளைக்கே கூட வரலாம் என்றார். கடைசியாக அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சரியாப் போச்சுன்னு வீட்டுக்குத் திரும்பிப் போனவங்களத்தான் பின்னாடி தூக்கிட்டு வர்றாங்க. நீங்க நடந்து வந்திருக்கீங்க. அந்தம்மாவுக்கு நன்றி சொல்லுங்க."

அண்ணன் மதினியைத் திரும்பிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அது அவர்களுக்குள் இருக்கட்டும்.

சில நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். தீபாவளிச் சரக்கு பாதிதான் போனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று வைத்துக்கொண்டோம். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வாசலில் எதிர்வீட்டுக்காரர் கொண்டுவந்த புறா, கவிழ்த்த கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு உயிர் தப்பியதற்கு இன்னொரு உயிரை எடுக்க வேண்டாம் என்று அண்ணன் கூடையைத் திறந்துவிட்டார். அது போகவில்லை. எங்கள் ஓட்டுமேலேயே குடியேறி, அப்புறம் ஒரு ஜோடியையும் கூட்டிக்கொண்டு வந்து, வருஷக்கணக்கில் எங்கள் வடகத்தைத் தின்றது.

வடகம் என்றதும் உப்பு ஞாபகம் வருகிறது. டாக்டர் உப்பைக் குறை, பீடியை விடு, தினமும் நட, மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். சொல்வது லேசு. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. மதினி அவருக்கென்று தனிச் சமையல் செய்யவில்லை, எல்லோருக்கும் ஒரே சட்டிதான். நாங்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அண்ணன் தட்டைத் தள்ளினார். குப்பையில போறது பண்டமா இருக்கட்டும், மனுசனா இருக்க வேணாம் என்று மதினி தட்டைத் திரும்பவும் அவர் பக்கம் நகர்த்தினார். மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. அதன் பிறகு கல்யாண வீடுகளில் சாப்பிட்டுவிட்டு வந்து, இம்புட்டு உப்பையா மனுசன் திங்கிறான் என்று குறை சொன்னதும் அதே அண்ணன்தான்.

பீடிதான் பெரிய போராட்டம். ஆனால் ஒன்றை அண்ணன் மறந்துவிட்டார். அவர் இருந்தது வாயசைவு படிக்கிறவர்கள் நிறைந்த தெரு. சந்துமுனையில் நின்று யாரிடமாவது ஒரு பீடி கேட்டு உதட்டை அசைத்தால் போதும், அந்தக் கோடியில் நிற்கும் தறிக்காரர் பார்த்துவிடுவார். அது வாய் வாயாக, சத்தமே இல்லாமல், அவர் வீடு வந்து சேர்வதற்குள் மதினிக்கு வந்து சேர்ந்துவிடும். காலையில் டீ நேரம் ஆனால் போதும். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அவரைப் பார்த்து ஒரே மாதிரி உதட்டை அசைப்பார்கள், மாத்திரை என்று. போட்டாச்சு என்றால் நம்ப மாட்டார்கள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். முதலாளியை இப்படி மிரட்டுகிற வேலைக்காரர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு தை மாதம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு மாத்திரை என்று அவராகவே நிறுத்திவிட்டார். நல்லா இருக்கிறதே மாத்திரையால்தான் என்று மதினி சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கையோடு கூட்டிக்கொண்டு போய் அளந்து பார்க்க வைத்தார். பழையபடி ஏறியிருந்தது. உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே என்று அண்ணன் திகைத்துப் போனார். அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஒரு நாளும் அவர் நிறுத்தவில்லை. விடிகாலையில் வைகைக் கரையோரம் இரண்டு பேரும் நடப்பார்கள். மதினி எப்போதும் அவருக்கு இடப்பக்கமாகத்தான் நடப்பார்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல் சொல்வதுதான். தினமும் காலையில் மதினி அண்ணனுக்கு டீ கொடுக்கும்போது தம்ளரை உடனே விடமாட்டார். ஒரு நொடி அவர் வாயைப் பார்ப்பார். அண்ணனுக்குத் தெரியும். நூல் கடை முதலாளிபோல வலது ஓரத்தை மேலே இழுத்து, இடது கையை உயர்த்திக் காட்டுவார். மதினி சிரித்துவிட்டுத் தம்ளரை விடுவார். நான் கல்யாணமாகிக் கே.கே. நகருக்குப் போன பிறகும், என் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் தங்கும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இது நடந்தது.

மதினி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. வேறு நோய். கடைசி நாட்களில் குரல் சுத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் நின்றவர்கள் என்ன சொல்கிறார் என்று புரியாமல் காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தார்கள். எனக்குச் சத்தம் எதற்கு? கட்டில் காலடியில் நின்றுகொண்டே படித்துவிட்டேன். "அண்ணன் வாயப் பாத்துக்கத்தா" என்றார்.

அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது, எதுவும் கேட்காது. ஆனால் வாய் நேராக இருக்கிறது, இரண்டு கையும் உயர்கிறது. தினமும் காலையில் அவர் பேத்தி செல்போனில் எனக்கு வீடியோ கால் போட்டு அவர் முன்னால் வைப்பாள். நான் இங்கே சத்தத்தை நிறுத்திவிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் பேசிக்கொள்வதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதலில் அண்ணன் வலது ஓரத்தை மேலே இழுத்து, இடது கையை உயர்த்தி, நூல் கடை முதலாளியாக எனக்கு ஒரு வணக்கம் வைப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அதற்கு முன்னால், மதினிக்காக, அந்த இடது உதட்டோரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன்.